கைப்பழக்கமும் கைத்தடுமாற்றமும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்குக் கடற்கரையில், செந்நிறத் தேரி மணலுக்கும் நீலக்கடலுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் உவரி. கப்பல் வடிவில் எழுப்பப்பெற்ற மாதா கோயிலும், அந்தோனியார் திருத்தலமும், கடற்கரையை அடுத்த சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. கடலும் பனையுமே அவ்வட்டாரத்து மக்களுக்கு நெடுங்காலமாக வாழ்வளித்து வந்தன. அவ்விரு தொழில்களுக்கும் கல்வி கையிலேயே இருந்தது.

வைகறையில் அலைவாய்க்கரையில் வீச்சுவலையோடு நிற்கும் பரதவர் ஒருவரைக் கூர்ந்து நோக்கின் இவ்வுண்மை விளங்கும். வலையின் ஒரு பாதியை அவர் இடக்கையில் மடித்திடுகிறார். மறு பாதியை வலக்கையில் பற்றுகிறார். இடுப்பளவு நீரில் நின்று உடலை ஒரு முறை திருப்பி வீசுகிறார். ஈயக்குண்டுகள் கட்டிய விளிம்பு வானில் வட்டமாக விரிந்து, ஒரே நொடியில் நீரைத் தொடுகிறது. எந்தக் கணத்தில் எந்த விரல் நெகிழ்ந்தது என்று அவரைக் கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவர் கண் தம் விரலைப் பார்க்கவில்லை. மீன் புரளும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பனையேறியின் கையும் அத்தகையதே. உச்சியில் ஏறி அமர்ந்து பாளையைச் சீவும்பொழுது, சற்று மிகுதியாகச் சீவினால் பாளை வீணாகும். குறைவாகச் சீவினால் பதநீர் ஊறாது. எவ்வளவு சீவவேண்டும் என்பதை அவர் அளவுகோல் கொண்டு அளப்பதில்லை. அளவு அவர் மணிக்கட்டில் இருக்கிறது.

பல்லாண்டுப் பழக்கத்தால் இவ்வாறு தேர்ந்த கை ஒரு நாள் ஏவல் கேளாதொழிந்தால் என்னாகும்? நோயில்லை, காயமில்லை, முதுமையும் இல்லை. எனினும் மிக எளிய செயலைச் செய்யப் புகும் கணத்தில் கை வெட்டி இழுக்கிறது, அல்லது மரம்போல் நின்றுவிடுகிறது. இத்துன்பம் கற்பனையன்று. உலகப் புகழ் பெற்றவர் பலர் இதற்கு ஆளாகியுள்ளனர். அவர்களுள் சிலர் இதை வென்றனர். சிலர் இதனோடு வாழக் கற்றனர். இத்தடுமாற்றம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று ஸ்னூக்கர் என்னும் மேசை ஆட்டமாகும்.

ஸ்னூக்கர் அயல்நாட்டு ஆட்டம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது பிறந்ததும் வளர்ந்ததும் இந்திய மண்ணிலேயாம். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த ஆங்கிலப் படையைச் சார்ந்த நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி, அக்காலத்து மேசையாட்டம் ஒன்றோடு வேறு வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டத்தை அமைத்தார். பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக இருந்த நெவில் சேம்பர்லேன் வேறொருவர். பெயர் ஒன்றாயிருப்பதால் இருவரையும் ஒருவராகக் கொள்வது பிழை. ஆட்டத்தின் பெயர் வந்த வகையும் சுவையுடையது. படைக் கல்லூரியில் முதலாண்டு மாணவரை ஏளனமாகக் குறிக்கும் சொல் அது. எளிய பந்து ஒன்றைத் தவறவிட்ட தோழரை அச்சொல்லால் அவர் அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. ஆகவே தவறும் கையிலிருந்தே அவ்வாட்டம் தன் பெயரைப் பெற்றது எனலாம். பின்னர் அவர் நீலகிரிக்கு வந்தார். 1882-ஆம் ஆண்டில் அதன் விதிகள் வகுக்கப்பெற்று உதகமண்டலத்து மன்றத்தின் ஆட்டக்கூடத்தில் எழுதி மாட்டப்பட்டன. தமிழ்நாட்டு மலைநகர் ஒன்றில் வரையறை பெற்ற ஆட்டம் பிறகே கடல் கடந்து சென்றது.

அவ்வாட்டத்தின் மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது; பச்சைக் கம்பளத் துணி போர்த்தது. அதன் மேல் சிவப்புப் பந்துகள் 15, வேறு வண்ணப் பந்துகள் 6, வெள்ளைப் பந்து ஒன்று, ஆக 22 பந்துகள் இருக்கும். ஆட்டக்காரர் தம் கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே தொடலாம். வெள்ளைப் பந்து மற்றப் பந்துகளை மோதி, மேசையின் ஓரத்திலுள்ள ஆறு பைகளுள் ஒன்றில் வீழ்த்தவேண்டும். பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர். பையின் வாய் அதைவிடப் பெரிதுதான். ஆயினும் பந்து நுழையும்பொழுது அதன் இருபுறத்தும் இரண்டு சென்டிமீட்டர் அளவும் இடமிராது.

இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். வெள்ளைப் பந்து, குறிவைத்த பந்தைத் தொடும் இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிச் சென்றது என்று கொள்க. அதனால் மோதப்பட்ட பந்தின் திசை ஏறத்தாழ ஒரு பாகை மாறும். ஒரு பாகை தானே என்று அதை அலட்சியம் செய்தற்கில்லை. அப்பந்து ஒன்றரை மீட்டர் உருண்டு பையை அடையும்பொழுது, தான் செல்லவேண்டிய இடத்திற்கு 28 மில்லிமீட்டர் அப்பால் நிற்கும். பையின் விளிம்பில் மோதித் திரும்பிவிடும். கோலைப் பிடித்த கையில் தோன்றும் ஒரு சிறு துடிப்பு, கண்ணுக்கும் புலப்படாத அளவினதாயினும், ஆட்டத்தையே மாற்றிவிடப் போதுமானது. பெரும் வலிமை வேண்டும் விளையாட்டுகளில் கையின் சிறு பிழை மறைந்துபோகும். ஸ்னூக்கரிலோ வலிமைக்கு வேலை குறைவு. ஆதலின் பிழைக்கு ஒளிவிடம் இல்லை.

பந்தை அடிக்கும் முறையை நோக்கினால் துடிப்பு எங்கே புகுகிறது என்பது தெரியும். ஆட்டக்காரர் இடக்கையை மேசை மேல் ஊன்றி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கோலின் முன்பகுதியைத் தாங்குகிறார். கோல் மோவாயைத் தொட்டும் தொடாமலும் செல்கிறது. வலக்கை அதன் பின்பகுதியை மென்மையாகப் பற்றுகிறது. தோள் அசையாது, தலை அசையாது, முழங்கைக்குக் கீழ்ப்பட்ட கை மட்டும் கடிகாரத்தின் தொங்கட்டான்போல் முன்னும் பின்னும் ஆடுகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு ஒத்திகை பார்த்தபின் கோலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, நேரே முன்செலுத்துகிறார். கோல் வெள்ளைப் பந்தை அடைந்த பிறகும் நில்லாமல் அதன் வழியே சிறிது தூரம் செல்லவேண்டும்.

பின்செலவு முடிந்து முன்செலவு தொடங்கும் அந்த ஒரு கணமே கண்டம். அங்கேதான் தடுமாற்றம் நேர்கிறது. சிலருக்கு விரல்கள் கோலைத் திடீரென இறுக்கிப் பிடிக்கின்றன. கோல் வெடுக்கென்று பக்கவாட்டில் வெட்டுகிறது. சிலருக்குக் கோல் பந்தைத் தொட்டதும் அஞ்சியதுபோல் நின்றுவிடுகிறது. வேறு சிலருக்கோ கை முன்செல்லவே மறுக்கிறது. பத்து முறை, இருபது முறை ஒத்திகை அசைவு நடக்கும். அடி மட்டும் வாராது. பார்ப்பவர் அவர் ஆழ்ந்து சிந்திப்பதாக எண்ணுவர். அவரோ தம் கையின் இசைவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் இத்துன்பத்தை யிப்ஸ் என்பர். டாமி ஆர்மர் என்னும் குழிப்பந்தாட்ட வீரர் வழியாக இச்சொல் பரவியது.

ஸ்காட்லாந்து நாட்டவரான ஸ்டீபன் ஹென்றி 1969-ஆம் ஆண்டு பிறந்தவர். 1990-இல் தம் 21-ஆம் வயதில் ஸ்னூக்கர் உலகப் பட்டத்தை வென்றார். அவ்வயதில் அதனை அடைந்தவர் அவருக்கு முன் எவரும் இலர். 1992 முதல் 1996 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார். 1999-இல் ஏழாவது பட்டமும் பெற்றார். தயக்கம் என்பதையே அறியாத கை என அவர் கையைப் போற்றினர். தொலைவிலுள்ள பந்தாயினும், தோல்வியின் விளிம்பாயினும், அவர் குனிந்து அடித்தால் பந்து வீழ்ந்தது.

அத்தகைய கைக்குள்ளும் துடிப்பு நுழைந்தது. கோலைப் பந்தின் ஊடே செலுத்த முடியவில்லை என்றும், பல ஆண்டுகளாக இத்துன்பம் இருந்துவருகிறது என்றும் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார். ஒளித்து வைக்காமல் கூறியது அவர் பெருமையைக் குறைக்கவில்லை. உண்மையில் பல ஆட்டக்காரர்க்கு அதுவே ஆறுதலாயிற்று. பயிற்சிக் கூடத்தில் தனித்து ஆடும்பொழுது நன்றாக இயங்கிய கை, போட்டியில் அரங்கின் விளக்கொளியில் மாறிவிடும். உலக வரிசையில் முதல் 16 இடங்களுக்குள் நெடுங்காலம் நின்றவர் அதிலிருந்து இறங்கினார். 2012-இல் உலகப் போட்டியில் இடம்பெறுவதற்கே தகுதியாட்டம் ஆடவேண்டியதாயிற்று.

அவ்வாண்டு நடந்தது வியப்புக்குரியது. தகுதி பெற்று வந்த ஹென்றி, முதற்சுற்றிலேயே மேசையிலுள்ள பந்துகள் அனைத்தையும் ஒரே முறையில் வரிசை பிறழாது வீழ்த்தி, அவ்வாட்டத்தில் வழக்கமாகப் பெறத்தக்க மிக உயர்ந்த மதிப்பெண்ணான 147-ஐ எடுத்தார். அஃது அவர் போட்டிகளில் எடுத்த பதினொன்றாவது 147 ஆகும். அடுத்த சுற்றில் மற்றொரு பெருவீரரான ஜான் ஹிக்கின்சை 13-க்கு 4 என வென்றார். கால் இறுதியிலோ 2-க்கு 13 எனத் தோற்றார். அன்றே போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாகவும் அறிவித்தார். இரண்டு வாரத்துக்குட்பட்ட நாள்களில் நிறைவான ஆட்டமும், நொறுங்கிய ஆட்டமும் ஒரே கையிலிருந்து வந்தன. திறமை அவரை விட்டுப் போய்விட்டது என்று கூறுவோர்க்கு அந்த 147 விடையளிக்கும். திறமை கையில்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும் கதவே சில வேளை திறந்தும் சில வேளை மூடியும் நின்றது. எட்டாண்டுக்குப்பின், 2020-இல், தம் 51-ஆம் வயதில் அவர் மீண்டும் போட்டி ஆட்டக்காரர் வரிசையில் சேர்ந்தார் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

இத்துன்பம் ஆட்டக்காரர்க்கு மட்டும் உரியதன்று. நாள் முழுதும் எழுதிய எழுத்தர்களுக்குப் பேனாவைப் பிடித்ததும் விரல்கள் மடங்கி இறுகும் நிலை ஏற்பட்டது. அதே விரல்களால் அவர்கள் சட்டைப் பொத்தானை எளிதாகப் பூட்டினர்; சோற்றைப் பிசைந்து உண்டனர்; எழுத மட்டும் முடியவில்லை. தந்தி நிலையங்களில் விசையை ஓயாது தட்டிய அலுவலர்க்கும் இத்தகைய நோய் வந்தது. தொடக்கத்தில் அது சோம்பேறிகளின் சாக்கு என்றே பலரும் கருதினர். 1908-இல் இங்கிலாந்து அதனை இழப்பீடு பெறுதற்குரிய தொழில்நோய்களுள் ஒன்றாக ஏற்றது. கை செய்யும் நூறு வேலைகளில் ஒன்று மட்டும் கெடும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று.

லியான் ஃபிளைசர் என்னும் அமெரிக்கப் பியானோக் கலைஞரின் வரலாறு உருக்கமானது. புகழின் உச்சியில் இருந்தபொழுது, 1964-ஐ ஒட்டிய காலத்தில், அவர் வலக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் தாமாகவே உள்ளங்கையை நோக்கிச் சுருளத் தொடங்கின. இன்னும் கடுமையாகப் பயின்றார். நிலைமை மேலும் கெட்டது. பிறகு அவர் இடக்கை ஒன்றுக்கென்றே இயற்றப்பட்ட இசையை வாசித்தார், மாணவர்க்குக் கற்பித்தார், இசைக்குழுவை நடத்தினார். ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசிமருந்தும் உடற்பிடிப்பு முறையும் கைகொடுக்க, இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். 2004-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுக்கு ‘இரு கைகள்’ என்னும் பொருளுடைய பெயரையே இட்டனர்.

இக்கோளாறுக்குக் காரணம் யாது? மருத்துவ ஆய்வாளர் இதில் இருவகை உண்டு என்பர். ஒன்று மூளையும் நரம்பும் பற்றியது. ஒரே நுண்ணிய அசைவைப் பல்லாயிரம் முறை செய்தவரிடத்து, எந்தத் தசை சுருங்கவேண்டும் எது நெகிழவேண்டும் என்று மூளை விடுக்கும் ஆணைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இழுக்கும் தசையும் எதிர்க்கும் தசையும் ஒருங்கே இறுகுகின்றன. மற்றொன்று அச்சம் பற்றியது. தோல்வியைக் குறித்த கவலை மிகுந்தபொழுது உடல் முழுதும் இறுகுகிறது. அவ்விறுக்கம் கையில் வெளிப்படுகிறது. அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தினர் குழிப்பந்தாட்டக்காரரை ஆராய்ந்து, இவ்விரண்டும் ஒரு கோட்டின் இரு முனைகள் என்றும், பலர் அவற்றின் இடையே எங்கோ நிற்கின்றனர் என்றும் கருதினர். நரம்பு பற்றிய துடிப்பு அச்சத்தை வளர்க்கும். அச்சம் துடிப்பைப் பெருக்கும். ஆகவே எது முந்தியது என்று பிரித்தறிதல் எப்பொழுதும் இயல்வதன்று. துடிப்புக்கு ஆளானவரைக் கோழை என்று எள்ளுதல் அறியாமையே ஆகும்.

அச்சம் வந்தபொழுது அறிவுடையோர் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. கை தவறுகிறதே என்று கையையே கவனிக்கத் தொடங்குகின்றனர். முழங்கை நேராக இருக்கிறதா, விரல் இறுகுகிறதா, மணிக்கட்டு திரும்புகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதிக்கின்றனர். தொடக்க மாணவர்க்கு இச்சோதனை பயன் தரும். தேர்ந்தவர்க்கோ இதுவே நஞ்சாகிறது. முழுதாக ஓடிய ஓர் அசைவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மனம் தானே நடத்த முற்படுகிறது. மனம் மெதுவானது; கை விரைவானது. இரண்டும் முட்டுகின்றன. 1992-இல் மாஸ்டர்ஸ் என்னும் ஆய்வாளர் இதனை ஒரு சோதனையால் விளக்கினார். குழிப்பந்தைத் தட்டும் முறையைச் சிலருக்கு விரிவான விதிகளோடு கற்பித்தார். வேறு சிலரை விதி எதுவும் கூறாமல், அவர்கள் மனம் வேறொரு சிறு வேலையில் ஈடுபட்டிருக்கும்பொழுதே பழகச் செய்தார். பின்பு இரு சாராரையும் நெருக்கடிக்கு உள்ளாக்கினார். விதிகளை மனத்தில் அடுக்கி வைத்திருந்தவர் ஆட்டமே தளர்ந்தது. மற்றவர் அவ்வளவு தளரவில்லை. உவரிப் பரதவர் தம் விரலைப் பாராமல் நீரைப் பார்ப்பது ஏன் என்பதற்கு ஒருவகை விளக்கம் இச்சோதனையில் கிடைக்கிறது.

துடிப்பிலிருந்து மீளும் வழிகளுள் முதலாவது, அதனை உண்டு என ஒப்புக்கொள்வது. கோலை மாற்றுதல், மேசையைக் குறைகூறுதல், விளக்கைப் பழித்தல் ஆகியவற்றால் காலந்தான் கழியும். வெறியோடு நாள் முழுதும் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் நன்றன்று. ஃபிளைசரின் வரலாறு கூறியதுபோல், தவறான அசைவைப் பன்முறை செய்தால் தவறே பழக்கமாக வேரூன்றும்.

அடுத்தது, பந்தையே எடுத்துவிடுவது! இது கேட்பதற்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் துடிப்புடைய ஆட்டக்காரர் பலரும் வெறும் மேசையில் கோலை இயக்கிப் பார்க்கையில் கை சிறிதும் துடிப்பதில்லை. பந்து இருந்தால்தான் தோல்வி உண்டு. தோல்வி இருந்தால்தான் அச்சம் உண்டு. ஆகவே வெறும் கோலின் அசைவில் தொடங்கவேண்டும். பிறகு வெள்ளைப் பந்து ஒன்றை மட்டும் வைத்து, மேசையின் நடுக்கோட்டில் உள்ள புள்ளிகளின் மேல் நேராக உருட்டி, அப்பால் உள்ள விளிம்பில் மோதி அதே வழியில் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். திரும்பி வரும் பந்து கோலின் நுனியையே தொட்டால் அடி நேரானது. விலகி வந்தால் கோல் வெட்டியது. பிறர் கூறாமலே பந்து பிழையைக் கூறிவிடும். அதுவும் பழிக்காமல் கூறும். அதன் பின்னரே அருகிலுள்ள பந்து, பிறகு தொலைவிலுள்ள பந்து, இறுதியில் எதிராளி என ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். சில ஆசிரியர் குறிபார்த்து நின்ற பின் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொல்வதும் உண்டு. கண் மூடியவர்க்குப் பந்து வீழ்ந்ததா என்னும் கவலை அக்கணத்தில் இல்லை. கோல் சென்ற விதம் மட்டும் கையில் உணரப்படும்.

பிடியையும் நோக்கவேண்டும். அச்சமுற்ற கை கோலை நெரிக்கிறது. விழாதபடி தாங்கும் அளவுக்குமேல் பற்றவேண்டியதில்லை. சிறுபறவையைக் கையில் ஏந்தினாற்போல் ஏந்துதல் போதும். பின்செலவு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்செலவு சீராகும். ஒத்திகை அசைவுகளும் ஒவ்வோர் அடிக்கும் ஒரே எண்ணிக்கையில் இருத்தல் நன்று. மூன்று என்றால் எப்பொழுதும் மூன்றே. இப்பொழுது அடிப்பதா, இன்னொரு முறை ஆட்டிப் பார்ப்பதா என்று மனம் வாதிடுவதற்கு இடம் வையாமல், எண்ணிக்கை முடிந்தவுடன் கை தானே செல்லும்.

கண்ணுக்கும் இதில் பெரும் பங்குண்டு. கனடா நாட்டு ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், குறிபார்க்கும் ஆட்டங்களில் தேர்ந்தவர்தம் கண்ணசைவை ஆராய்ந்து, செயலில் இறங்குமுன் அவர்கள் பார்வை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதைக் கண்டார். 2002-இல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரிடம் நடத்திய ஆய்வொன்றும், தேர்ந்தவர் பார்வை மற்றவர் பார்வையைவிட நெடுநேரம் நிலைத்திருப்பதைக் காட்டியது. அஞ்சியவர் கண் வெள்ளைப் பந்து, குறிப்பந்து, பை, எதிராளி என்று தாவும். பார்வை நின்றால் தலை நிற்கும். தலை நின்றால் தோள் நிற்கும். பின்செலவின் முடிவில் அந்த ஒரு கணம் நிறுத்துவதன் பயனும் இதுவே. கண்ணை வெள்ளைப் பந்திலிருந்து குறிப்பந்துக்கு மாற்றி நிலைநிறுத்த அது காலம் தருகிறது.

இவ்வளவு செய்தும் பழைய அசைவு திருந்தவில்லையாயின், அதனோடு போராடாமல் புதிய அசைவொன்றைக் கற்பதும் உண்டு. ஜெர்மனி நாட்டுக் குழிப்பந்தாட்ட வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் இளமையிலேயே இத்துடிப்புக்கு ஆளானார். ஒரு முறையன்று, பல முறை அது அவரைத் தாக்கியது. பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டவேண்டிய சிறு தூரத்தில், குழந்தையும் தட்டிவிடக்கூடிய தூரத்தில், அவர் கை வெட்டியது. அவர் மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றினார். 1985-இல் மாஸ்டர்ஸ் என்னும் பெரும் போட்டியை வென்றார். துடிப்பு மீண்டும் வந்தது. இம்முறை மட்டையின் தண்டை இடமுன்கையோடு சேர்த்து வைத்து, வலக்கையால் இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொண்டார். காண்பவர்க்கு அது விந்தையாகத் தோன்றியது. சிலர் நகைத்திருக்கவும் கூடும். 1993-இல் அதே போட்டியை அவர் இரண்டாம் முறை வென்றார். மூளை பழைய பிடியோடு அச்சத்தையும் சேர்த்துப் பதித்திருந்தது. புதிய பிடிக்கு அந்த நினைவு இல்லை.

எறியம்பு ஆட்டத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற எரிக் பிரிஸ்டோவின் நிலை இதினும் வேறானது. 1986-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, கையிலுள்ள அம்பை விடமுடியாத நிலை அவருக்கு வந்தது. கை முன்செல்லும், விரல் விடாது. பார்ப்போர் ஆயிரவர் நடுவே அவர் அவ்வாறு நின்றார். ஆயினும் ஆட்டத்தை விட்டு ஓடவில்லை. 1990-இல் உலக வரிசையில் முதலிடத்தை மீண்டும் பெற்றார். உலகப் பட்டம் மட்டும் அதன்பின் அவருக்குக் கிட்டவில்லை. மீட்சி என்பது எல்லோர்க்கும் முழுமையாக வாய்ப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக நிற்கிறது.

இந்திய நாட்டிலும் இவ்வகை மேசையாட்டங்களில் உறுதியான கைகள் பல தோன்றியுள்ளன. 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றார். 1964-இல் நியூசிலாந்தில் மறுமுறையும் வென்றார். 1973-இல் பம்பாயில் நடந்த போட்டியில் இலங்கையைச் சார்ந்த லாஃபிர் அப்பட்டத்தைப் பெற்றார். 2025 நவம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த பெண்கள் ஸ்னூக்கர் உலகப் போட்டியில், சென்னையைச் சார்ந்த அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் பெயர்பெற்ற வீராங்கனை ஒருவரை 3-க்கு 2 என இறுதியாட்டத்தில் வென்றார். இரண்டுக்கு இரண்டு எனச் சமனாகி, எஞ்சிய ஓர் ஆட்டமே வெற்றியை முடிவு செய்யும் என்று நிற்கும் வேளையில் குனிந்து கோலைப் பின்னுக்கு இழுப்பவரின் உள்ளத்தில் என்ன நிகழும் என்பதை அந்நிலையில் நின்றவரே அறிவர்.

உவரிக் கரையில் வலை வீசப் பழகும் சிறுவன் முதல் நாள்களில் தன் கைகளையே பார்க்கிறான். வலை விரியாமல் கயிறுபோல் நீரில் விழுகிறது. அருகில் நிற்கும் மூத்தவர் அவன் விரல்களைத் திருத்துவதில்லை. “தண்ணியப் பாரு லே” என்று மட்டும் கூறிவிட்டு, தம் வலையின் ஈரத்தை உதறிக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்து நிற்கிறார்.